சுவரில் நின்ற நீர்க்கோடு: தோட்டப்புற வெள்ளமும் மாணவர் ஆவணமும்

(கெமாஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



இந்த அறக்கட்டளை, தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நிறுவியது. தோட்டப்புற வரலாற்றில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். அழைப்போடு இன்னொன்றும் வந்தது. இந்த வட்டாரத்து மாணவர்கள் சிலர் விடுமுறையில் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வெள்ளம் பற்றிக் கேட்டு எழுதிய குறிப்பேடுகளின் நகல்கள். ‘பிள்ளைகள் எழுதியவை, நேரமிருந்தால் பாருங்கள்’ என்று ஒரு துண்டுச் சீட்டு அதன்மேல் இருந்தது. படித்து முடித்தபின் வேறு பொருள் பற்றிப் பேச மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பேரிடர் பற்றி மாணவர்கள் எழுதுவதை நாம் கட்டுரைப் பயிற்சியாக வைத்திருக்கிறோம். திருத்துகிறோம், மதிப்பெண் போடுகிறோம், ஆண்டு முடிவில் பழைய தாளோடு தாளாக எடைக்குப் போடுகிறோம். அதை ஆவணமாக நடத்த வேண்டும் என்பது என் வாதம். தோட்ட மக்கள் வெள்ளத்தில் இழந்ததற்கு வேறு எழுத்துச் சான்று பெரும்பாலும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து எழுதித் தரப்போவதும் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன், எப்படி எழுதலாம் என்பவற்றை எண்ணிட்டு வைக்கிறேன்.

1. மழை எழுதப்பட்டது, வீடு எழுதப்படவில்லை

தோட்டத்து ஆபீஸ் வாசலில் மழைமானி நின்றதைப் பழைய தோட்டங்களில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் தேங்கிய நீரைக் காலையில் அளந்து பேரேட்டில் பதிய வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வருமானத்தைத் தீர்மானித்தது மழைதான். விடியலில் பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில் இறங்கிய பால் கழுவிக்கொண்டு போய்விடும். செம்பனைக்கு மாறிய பின்னும் மழையிடமிருந்து விடுதலை கிடைக்கவில்லை. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எண்ணெய் தரமாக இருக்கும். பாதை மூழ்கினால் லாரி உள்ளே வராது. ஆகவே நிர்வாகம் மழையை நாள் தவறாமல் எழுதியது. விளைச்சல் குறைந்ததும் பாலம் உடைந்ததும் செலவுக் கணக்கோடு பதிவாயின. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எத்தனை அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்று எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இருக்கவில்லை.

ரயில் பாதையைப் பாருங்கள். கெமாஸ் என்றாலே ரயில் சந்திப்பு. இங்கிருந்து கிழக்கே பிரியும் பாதையின் முதல் பகுதி, பகாவ் வரை, 1910இல் திறக்கப்பட்டது. தும்பாட் வரை முழுப் பாதையும் முடிந்தது 1931இல். 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளம் கெமுபு ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அது மீண்டும் பயன்பாட்டுக்கு வர 2018 ஆயிற்று. கட்டிய ஆண்டு, விழுந்த மாதம், மீண்ட ஆண்டு என்று ஓர் இரும்புப் பாலத்தின் வாழ்க்கை முழுவதும் கோப்பில் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். அதே பாதையோரம் பல தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் எந்த வெள்ளத்தில் எதை இழந்தன என்று கேட்டால் கோப்பு எதுவும் கிடையாது.

குறிப்பேடு ஒன்றில் ஒரு மாணவி தன் பாட்டியின் பேச்சை அவர் பேசியபடியே எழுதியிருக்கிறாள். வெள்ளம் பற்றிக் கேட்டதற்குப் பாட்டி ஆற்றிலிருந்து தொடங்கவில்லை. கடைக்காரரின் கடன் புத்தகத்திலிருந்து தொடங்குகிறார். தொடர்ந்து மழை, வெட்டு இல்லை, வெட்டு இல்லாததால் கூலி இல்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் கடனில் வந்தன. சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை. அப்புறம்தான் தண்ணீர் வாசலுக்கு வந்தது. அலுவலகக் கணக்கில் பேரிடர் தொடங்குவது ஆற்றுநீர் அபாய அளவைத் தாண்டும் நாளில். பாட்டியின் கணக்கில் அது வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிட்டது. முடிந்ததோ கடைக் கடன் அடைந்த மாதத்தில். நகரத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வினாத்தாளோடு வந்தால், ‘வெள்ளம் எப்போது வந்தது?’ என்று கேட்பார். ஒரு தேதி கிடைக்கும், குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கடன் புத்தகம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கப் பேத்தியால்தான் முடிந்தது.

2. ஆறு ஒன்று, அலுவலகம் இரண்டு

கெமாஸ்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெமாஸ் நகரம் நெகிரி செம்பிலானில், தம்பின் மாவட்டத்தில் இருக்கிறது. அடுத்தாற்போலுள்ள கெமாஸ் பாரு ஜொகூரில், சிகாமட் மாவட்டத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவும் கல்யாணமும் இழவும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. ஆறும் பார்ப்பதில்லை. மூவார் ஆறு நெகிரி செம்பிலானில் பிறந்து கோலப்பிலா, ஜெம்போல் பக்கமாக வந்து, ஜொகூருக்குள் இறங்கி, சிகாமட் வட்டாரம் கடந்து, மூவார் நகரத்தில் கடலைத் தொடுகிறது. மேலே பெய்த மழைதான் கீழே வெள்ளம். ஆனால் மேலே உள்ளவர்களின் கணக்கு ஒரு மாநிலத்தில், கீழே உள்ளவர்களின் கணக்கு இன்னொரு மாநிலத்தில்.

இந்த ஆற்றுப்படுகையும் சுற்றுப்புற மாநிலங்களும் அண்மைக் காலத்தில் பட்டதை நினைவுபடுத்துகிறேன். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதம் 2007 ஜனவரியிலும் இரண்டு அலையாக வந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சிகாமட், கோத்தா திங்கி எல்லாம் தண்ணீரில் நின்றன. 2011 ஜனவரிக் கடைசியில், சீனப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு, சிகாமட் மறுபடி மூழ்கியது. 2021 டிசம்பர் பெருவெள்ளம் என்றால் நம் நினைவுக்கு வருவது ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா. ஆனால் அந்தப் பருவமழை நெகிரி செம்பிலானையும் விடவில்லை; 2022 பிறந்தபோது ஜொகூர், மலாக்கா மக்களும் தண்ணீரில் இருந்தார்கள். 2023 மார்ச்சில் ஜொகூரில் சுமார் 50,000 பேர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். மார்ச் என்பதைக் கவனியுங்கள். டிசம்பரும் ஜனவரியும் தாண்டினால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவந்த கணக்கு இப்போது உதவுவதில்லை.

அரசு எழுதவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளில் வைத்திருக்கும் கருவிகள் நீர்மட்டத்தை அளந்து, வழக்கமான அளவு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையாக எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. 2021 வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை சிறப்பு அறிக்கையே வெளியிட்டது. நிவாரண மையத்துக்கு வந்த குடும்பங்களின் எண்ணிக்கை அன்றாடம் அறிவிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உதவித்தொகையும் உண்டு. இவையெல்லாம் தேவை. மாணவர் ஆவணம் இவற்றுக்குப் போட்டியும் இல்லை. ஆனால் மையத்துக்குப் போகாமல் பகாவிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போன குடும்பம் அந்த எண்ணிக்கையில் வராது. லயத்து வீட்டில் தங்கியிருக்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளி, தாள் சரியாக இல்லை என்ற பயத்தில் மையத்துப் பக்கமே போகாமல் பனைமரத்து மேட்டில் இரவைக் கழித்திருந்தால் அவரும் வரமாட்டார்.

வீடுவீடாகப் போய் எழுதுவது இந்த வட்டாரத்தில் ஆகாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மொனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் சிகாமட்டில் தொடங்கிய சியாக்கோ என்ற சமூக ஆய்வு நிலையம், அந்த மாவட்டத்தின் உட்பிரிவுகளான சில முக்கிம்களில் குடும்பம் குடும்பமாகத் தொடர்ந்து சந்தித்து உடல்நலத் தகவல் திரட்டி வருகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் முன்மாதிரி அது. கெமாஸ் பள்ளி ஒன்றும் சிகாமட் பள்ளி ஒன்றும் ஒரே மாதிரிப் படிவத்தை வைத்துக்கொண்டு, ஒரே வெள்ளத்தை மணிக்கணக்கில் குறித்து, ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டால் போதும். மேல்கரையும் கீழ்கரையும் முதல் தடவையாக ஒரே தாளில் வந்துவிடும்.

3. நினைவு ஆளோடு போய்விடும்

‘எழுதாவிட்டால் என்ன, பெரியவர்கள் சொல்லித் தருவார்களே’ என்று கேட்கலாம். வாய்மொழியின் வலிமை எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான். சுமத்ரா கரைக்கு அப்பாலுள்ள சிமுலுவே தீவில் 1907இல் ஆழிப்பேரலை வந்தது. நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை அந்த மக்கள் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் கடலுக்குப் பலியானவர்கள் ஏழே பேர். எழுத்து இல்லாமல் 97 ஆண்டு நின்ற நினைவு அது.

அது நின்றதற்குக் காரணம் மக்கள் அதே கரையில் இருந்ததுதான். நம் கதை வேறு. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது மக்கள் சிதறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆட்குறைப்பு. 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது இன்னொரு பெயர்வு. நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டத்துப் பள்ளிகள். எந்த ஓடை எந்த மழையில் ஏறும், எந்த மேடு நனையாது என்று அறிந்த கிழவர் இப்போது சிரம்பானில் மகன் வீட்டு ஐந்தாவது மாடியில் இருக்கிறார். அவர் அறிந்தது அங்கே யாருக்கும் பயன்படாது. பயன்படும் இடத்தில் புதிதாகக் குடிவந்தவருக்கு அது தெரியாது.

எழுதாமல் விட்டதன் விலையை நாம் ஒருமுறை கொடுத்திருக்கிறோம். அது இயற்கைப் பேரிடர் இல்லை என்றாலும் கெமாஸில் நின்றுகொண்டு சொல்லாமல் போக முடியாது. ஜப்பானியர் ஆட்சியில் இந்தக் கிழக்குப் பாதையின் தண்டவாளங்கள் பெருமளவு பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. தோட்டத் தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. முகாமுக்குள் ஒளித்து ஒளித்து அவர்கள் வைத்திருந்த நாட்குறிப்புகளும் பட்டியல்களும் படங்களும் அதற்குத் துணைநின்றன. நம்மவர் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையே இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் வந்துதான் அந்தத் துயரம் தமிழில் பேசப்பட்டது. நாவல் பெரிய கொடை. ஆனால் நாவலை வைத்துக்கொண்டு ஒரு பேரன் தன் தாத்தாவின் பெயரைத் தேட முடியாது.

4. ஆவணம் வெள்ளத்துக்கு முன்பே தொடங்குகிறது

இலங்கை மலையகத்தில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை என்ற தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. அந்த மண் அபாயமானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

நம் பேச்சுக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. கடைசியில் அதில் ஒரு சிறு பங்காக இறங்கியது. எந்த லயனில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

மீரியபெத்தைப் பிள்ளைகளுக்கும் இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் மூதாதையர் ஊர் ஏறத்தாழ ஒன்றே. வாழ்ந்த வீட்டின் அமைப்பும் ஒன்றே. அதனால்தான் சொல்கிறேன்: வெள்ளம் வடிந்தபின் எழுதுவதோடு நிறுத்தக் கூடாது. பருவமழைக்கு முன்பே, அக்டோபரில், மாணவர்கள் தங்கள் லயத்தையோ குடியிருப்புத் தாமானையோ கையால் வரைய வேண்டும். வீட்டு எண், எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார், சிறுநீரக டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், எந்த வீட்டுக்குப் பின்னால் ஓடை, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. ஒரு பெரிய தாள், ஒரு பென்சில் போதும். அடுத்த அக்டோபரில் அதையே திருத்த வேண்டும். யார் வந்தார், யார் போனார் என்பது தானாக அதில் ஏறிவிடும். நோய்விவரம் உள்ள படி பொறுப்பானவர் கையில் மட்டும் இருக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம்.

இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. படிவம் மூன்றில் பிடி3 தேர்வு இருந்த காலத்தில் புவியியலும் வரலாறும் மாணவர் செய்யும் ஆய்வுப் பணியின் வழியாக மதிப்பிடப்பட்டன. 2022இல் அந்தத் தேர்வு போய்விட்டது. தேர்வு போனதோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விடக் கூடாது.

5. எப்படி எழுதுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நம் பிள்ளைகளின் எழுத்தில் நாமே செய்யும் கெடுதலிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு வந்த குறிப்பேடுகளில் ஒன்றில் ஒரு மாணவன், ‘ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குரைச்சுச்சு. அப்பா காலை கீழே வெச்சாரு, தண்ணி’ என்று எழுதியிருந்தான். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே, ‘கார்மேகங்கள் சூழ்ந்தன, வெள்ளம் கரைபுரண்டு ஓடியது’ என்று திருத்தியிருந்தது. திருத்தியவர் அக்கறையோடுதான் செய்திருப்பார். தேர்வில் மரபுத்தொடருக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அடிபட்ட இரண்டு வரியில் நேரம் இருக்கிறது, எச்சரிக்கை வரவில்லை என்ற செய்தி இருக்கிறது, குடும்பம் தரையில் பாய் போட்டா கட்டிலிலா படுத்திருந்தது என்பதுகூட இருக்கிறது. திருத்திய வரியில் எதுவுமே இல்லை. ஆசிரியர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: தேர்வுக் கட்டுரையை உங்கள் விருப்பப்படி திருத்துங்கள். வெள்ளக் குறிப்பேட்டில் பிழையிருந்தாலும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது அளவு. ‘இடுப்பளவு தண்ணீர்’ என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு மாணவி அங்கேயே விடாமல், ‘யார் இடுப்பு, பாட்டி?’ என்று கேட்டிருக்கிறாள். பாட்டி எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்று காட்டியிருக்கிறார். அவர் குள்ளம். அவர் காட்டிய உயரத்தில் பழைய சேற்றுக்கறை வெள்ளையடிப்புக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துவந்து தரையிலிருந்து அளந்து, பக்கத்தில் கதவு நிலையின் உயரத்தையும் எழுதி, படம் வரைந்திருக்கிறாள். அந்த வீட்டுக்கு இப்போது ஒரு வெள்ள அளவு இருக்கிறது. ஆற்றில் நிற்கும் கருவி அதைச் சொல்லவே சொல்லாது. வீடு ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பள்ளம் என்பது அதற்குத் தெரியாது.

‘முதலில் எதை எடுத்தீர்கள்?’ என்ற கேள்வியை ஒரு மாணவரும் விட வேண்டாம். குறிப்பேடுகளில் வந்த பதில் நகையும் இல்லை, பணமும் இல்லை. பழுப்பு உறை. உள்ளே சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழ், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, கல்யாணப் பதிவுத் தாள். இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமைத் தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களுக்குத்தான் அந்த உறையின் அருமை தெரியும். ஒரு தாள் நனைந்து மை கரைந்தால் ஒரு பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையே தடுமாறும். வெள்ளத்தில் நம்மவர் இழப்பது என்ன என்பதற்கு இதைவிட நேரான சான்றை எந்தச் சேதப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. எந்தத் தாள் போயிற்று, மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை நாள் கூலி போயிற்று என்று தனிப் பக்கமே ஒதுக்கி எழுதுங்கள்.

படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த ஆல்பத்தைக் கண்டதும் படங்களைப் பிய்த்தெடுக்காதீர்கள். முகம் உரிந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் ஒவ்வொன்றாகக் காயவையுங்கள். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். கெடாமல் இருக்கும், பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். காப்பாற்ற முடியாத படத்தைக் கைப்பேசியில் எடுத்து, அதில் இருப்பவர் யார் என்று பாட்டியிடமே கேட்டு எழுதிவிடுங்கள்.

கைப்பேசியில் எடுக்கும் வெள்ளப் படத்துக்கும் ஒரு விதி உண்டு. மூலப்படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து உதிர்ந்துவிடும். நேரமில்லாத படம் பத்து ஆண்டு கழித்துச் சான்றாகாது. போன வெள்ளத்துப் படம் இந்த வெள்ளத்தில் சுற்றுவதை நாமே பார்க்கிறோம்.

யாரைக் கேட்பது என்பதில் நாம் குறுகிவிடக் கூடாது. நம் தாத்தாக்கள் இருந்த லயத்தில் இன்று நேப்பாளியும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் நம்மவர் இருந்த நிலையில் இருப்பவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும்; பேசலாம். அவர்கள் பெயரை எழுதுவது அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் பெயர் வேண்டாம், சொன்னதை மட்டும் எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால், ஒரு காலத்தில் நம்மை விட்டுவிட்டு எழுதியவர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் மாணவர் கேள்வி கேட்கப் போகக் கூடாது. நிவாரண மையத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவரை, குளியலறை வாசலில் நிற்பவரை, அழுகிறவரைப் படமெடுக்கக் கூடாது. யார் பேசினாலும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, ‘இது இருக்கலாமா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். எழுதும் பிள்ளையும் அதே வெள்ளத்தில் நனைந்த பிள்ளை என்பதை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. எழுத விருப்பமில்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். வாய்க்காலை வரையட்டும், அளவு டேப்பைப் பிடிக்கட்டும்.

6. எழுதியது எங்கே இருக்க வேண்டும்

ஜப்பானில் ஒனகாவா என்ற சிற்றூரைச் சொல்லி இந்தப் பகுதிக்கு வருகிறேன். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில், சுமார் 10,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 800க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதம் நடுநிலைப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் சமூகப்பாட வகுப்பில் ஊரைக் காக்கும் வழிகளைப் பேசினார்கள். ஊர் மக்களின் உறவை வலுப்படுத்துவது, மேட்டுக்கு ஓடும் பாதை அமைப்பது, நடந்ததைப் பதிவாக விட்டுச் செல்வது என்று மூன்று யோசனை வந்தது. மூன்றாவது யோசனையைக் கல்லில் செதுக்க முடிவு செய்தார்கள். ஊரின் 21 கடற்கரைகளிலும் அலை எட்டிய உயரத்துக்கு மேலே ஒவ்வொரு கல். அரசிடம் போகாமல் ஒரு கோடி யென் நன்கொடை தாங்களே திரட்டினார்கள். முதல் கல் 2013இல் நின்றது. கடைசிக் கல் 2021இல் நின்றபோது அந்தப் பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். பள்ளி முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று அவர்கள் விடவில்லை.

நம் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்ச்சி வராதா? வரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. ‘தமிழ் முரசு’ 1950களில் தொடங்கிய மாணவர் மணிமன்றம் மலாயா, சிங்கப்பூர் மாணவர்களை அச்சில் எழுதவைத்தது. இரண்டு நாட்டின் இலக்கியத்திலும் பின்னாளில் நின்ற பலர் அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள். மாணவர் எழுத்துக்கு மதிப்பான ஓர் இடம் கொடுத்தார்கள், அவர்கள் எழுதினார்கள். இன்று வெள்ளக் குறிப்பேட்டுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும்.

கல் நடுவது பின்னால் வரட்டும். இப்போதைக்கு மூன்று படி எடுங்கள். ஒன்று பள்ளி நூலகத்தில், பூட்டிய அலமாரியில், தரையிலிருந்து மேல்தட்டில் இருக்கட்டும். பள்ளியும் மூழ்கும் இடம்தான். ஒன்று சொன்னவர் வீட்டில், அந்தப் பழுப்பு உறையோடு இருக்கட்டும். ஒன்று தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ போகட்டும். முகப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அரைப் பக்கக் குறிப்பு வேண்டும்: எந்த ஊர், எந்த வெள்ளம், எத்தனை வீடு, யார் எழுதியது. அந்த அரைப் பக்கம் இல்லாவிட்டால் தமிழ் தெரியாத அலுவலர் அதை எந்த அடுக்கில் வைப்பது என்று அறியமாட்டார். எழுதிய மாணவரின் பெயர், அவர் விரும்பினால், முகப்பிலேயே இருக்க வேண்டும். நன்றியுரையில் கடைசி வரியாக இருக்கக் கூடாது.

வாய்க்கால் தூர்வார மனுக் கொடுக்கப் போகும்போது இந்தக் குறிப்பேட்டின் நகலைக் கூடக் கொண்டுபோங்கள். கடந்த மூன்று வெள்ளத்தில் எந்தெந்த வீட்டில் எத்தனை அங்குலம் என்று படத்தோடு ஒரு மனு தம்பின் மாவட்ட அலுவலகத்திலோ சிகாமட்டிலோ மேசைமேல் வைக்கப்பட்டால், ‘எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று எழுதிய மனுவைவிட அதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கட்டாயமாகிவிடும்.

அடுத்த பருவமழைக்குள் முதல் லய வரைபடத்தை முடிக்க விரும்பும் பள்ளிகள், இந்த அரங்கத்தின் வாசலில் பெயர் கொடுக்கலாம் என்று அறக்கட்டளையினர் சொல்லியிருக்கிறார்கள். மாதிரிப் படிவம் ஒன்று செய்து கொண்டுவந்திருக்கிறேன். நகலெடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் தோட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.